உடம்புல கழிவு சேர்றதால தான் வயசாகுதா? கழிவு நீக்க முகாம் பத்தி ஒரு சந்தேகம்

கரூர்_செல்வி:
வணக்கங்க. வீட்ல கொஞ்ச நாளா இதே பேச்சு தான் ஓடுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. என் மாமனாருக்கு 68 வயசு, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, மாத்திரை மட்டும் தான், இன்சுலின் போடல. சமீபத்துல கூட்டாளிங்களோட ஒரு கழிவு நீக்க முகாமுக்கு போய்ட்டு வந்தாருங்க, வந்ததுலருந்து கழிவு தேங்குறது தான் நோய், வயசாகுறதுக்கும் அதான் காரணம், அத வெளிய எடுத்துட்டா உடம்பு திரும்ப இளமையாகிடும்னு சொல்லிட்டே இருக்காரு. பெருங்குடல் சுவத்துல இருபது வருஷத்து மலம் கெட்டியா ஒட்டிட்டு இருக்குமாம். பத்து நாள் வெறும் ஜூஸ், காலைல எனிமா, ராத்திரி ஒரு பவுடர்னு அட்டவணை குடுத்திருக்காங்க, அந்த பத்து நாளும் சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை எதுவும் வேணாம்னும் சொல்லி அனுப்பிருக்காங்க. எனக்கு அது தான் பயமா இருக்கு. ஆனா அவரு சொல்றத முழுசா தள்ளவும் முடியல, கழிவு சேர்ந்தா கெடுதல் தானே? நெஜமாவே வயசாகுறதுக்கும் கழிவுக்கும் சம்பந்தம் இருக்குங்களா? மாமாகிட்ட நிதானமா எடுத்து சொல்ற மாதிரி யாராச்சும் விளக்குங்க.

முருகு_டயாலிசிஸ்:
அக்கா, வயசு விஷயம் அப்புறம் பேசலாம், முதல்ல மாத்திரை. அவரு டாக்டர கேக்காம ஒரு வேளை கூட நிறுத்த விடாதீங்க. நிறுத்துனா சுகரும் பிரஷரும் ஏறும், அதுலயும் ஜூஸ்னா பழச்சக்கரை நேரா ரத்தத்துக்கு போகுது. நிறுத்தாம பட்டினி கெடந்தாலும் ஆபத்து, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு சுகர் தடால்னு இறங்கிரும், டபாகுளிஃப்ளோசின் எம்பாகுளிஃப்ளோசின் போடுறவங்க பட்டினி இருந்தா சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஏறி ஐசியூ வரைக்கும் போக வாய்ப்பிருக்கு. அதனால ரெண்டு பக்கமும் கத்தி, எந்த மாத்திரை போடுறாருன்னு பாத்து அவரோட டாக்டர் தான் சொல்லணும்.

இன்னொன்னு, கடைசியா கிரியாட்டினின், அதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட், எப்ப பாத்தீங்க? ரொம்ப வருஷ சுகர்னா கிட்னி பாத்தே ஆகணும். கிட்னி வீக்கா இருக்குறவங்க இளநீர், பழ ஜூஸ், கீரை ஜூஸ்னு குடிச்சா பொட்டாசியம் ஏறும், பொட்டாசியம் ஏறுனா இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னே போகலாம். எனிமாவும் பேதியும் சேர்ந்து தண்ணி சத்து போச்சுன்னா அதுவும் கிட்னிக்கு தான் அடி. நான் டயாலிசிஸ் யூனிட்ல டெக்னீசியன், "சும்மா ஜூஸ் தான சார் குடிச்சேன்"னு சொல்லிட்டு வந்து படுக்குறவங்கள பாத்துட்டு தான் எழுதுறேன்.

கேரளாவுல இரும்பன்புளின்னு ஒரு புளிப்பு காய் இருக்குல்ல, கொலஸ்ட்ரால் குறையும்னு அத ஜூஸ் போட்டு குடிச்சு பத்து பேருக்கு கிட்னி அடிவாங்குனத அங்க டாக்டர்ங்க 2013ல பதிவு பண்ணிருக்காங்க. அதுல ஆக்சலேட் அதிகம், கிட்னி குழாய்க்குள்ள போய் படிகமா படிஞ்சிரும். கழிவ எடுக்குறேன்னு குடிக்கிறது அங்க போய் புது கழிவா சேருது.

இயற்கைவழி_பாண்டி:
செல்வி சகோ, மாத்திரைய நிறுத்த சொன்னது தப்பு தான், அதுல முருகு சொல்றத ஒத்துக்கிறேன். ஆனா கழிவு நீக்கமே பொய்ங்கிற மாதிரி பேசாதீங்க. சித்த மருத்துவத்துல நாலு மாசத்துக்கு ஒரு தடவ பேதி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வாந்திக்கு மருந்துன்னு எழுதியே வெச்சிருக்காங்க. நம்ம பாட்டிங்க லீவு விட்டா வெளக்கெண்ணெய் குடுத்தாங்களா இல்லையா? மலச்சிக்கல் இருக்குறவனுக்கு தலைவலி, எரிச்சல், பசியின்மை எல்லாம் வருது, வயிறு காலியானா உடனே உடம்பு லேசாகுது, இத அனுபவிக்காதவங்க யாரு? நான் போன முகாம்ல எனிமா எடுத்தப்ப கயிறு மாதிரி கருப்பா வந்துச்சு, கண்ணால பாத்தேன். அது எங்கருந்து வந்துச்சு அப்ப?

மீனா_பயாலஜி:
பாண்டி அண்ணா நல்ல கேள்வி, ஒன்னொன்னா வரேன், கொஞ்சம் நீளமா போகும், நான் காலேஜ்ல செல் பயாலஜி எடுக்குறேன் அதனால இது என் பாடமே.

கயிறு மாதிரி வந்தது. அந்த மாதிரி பவுடர் நிறையத்துல இசப்கோல் உமியும் பெண்டோனைட்னு ஒரு களிமண்ணும் தான் இருக்கும். ரெண்டும் தண்ணில ஊறி குடல் வடிவத்துலயே கெட்டியாகி வெளிய வரும். பவுடர் சாப்பிடாதவங்களுக்கு அது வர்றதில்ல. குடலோட உள் தோல் மூணுலருந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவ உதிர்ந்து புதுசாகிடுது, அதுல இருபது வருஷத்து மலம் ஒட்டி நிக்க இடமே கிடையாது. கொலனாஸ்கோப்பி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்குறது) வீடியோ யூட்யூப்ல கிடைக்கும், மாமாவுக்கு போட்டு காமிங்க செல்வி அக்கா, அறுபது எழுபது வயசுக்காரங்க குடல் கூட உள்ள ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்கும். (இதே வகைல கால வெக்கிற டீடாக்ஸ் தொட்டி ஒன்னு மால்ல வெச்சிருப்பாங்க, தண்ணி பழுப்பா மாறுமே, அது உள்ள இருக்குற இரும்பு தகடு உப்புத் தண்ணில கரண்ட் பட்டு துருப்பிடிக்கிறது. கால வெக்காமலே ஓட விட்டு பாருங்க, அப்பவும் மாறும்.)

அடுத்து மலச்சிக்கல் தலைவலி. அது நெஜம், யாரும் மறுக்கல. ஆனா விஷம் ரத்தத்துல ஏறுறதால தான் வருதான்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே சோதிச்சு பாத்துட்டாங்க. வால்டர் அல்வாரெஸ்னு ஒரு டாக்டர் 1919ல எழுதுனாரு, ரத்தத்துல விஷம் இருந்தா மலம் போன அடுத்த நிமிஷமே தலைவலி எப்படி போகும், விஷம் வெளியேற மணிக்கணக்கு ஆகுமேன்னு. அப்புறம் 1920கள்ல ஆரோக்கியமான ஆளுங்களுக்கு மலக்குடல்ல வெறும் பஞ்ச அடைச்சு பாத்தாங்க, அதே தலைவலி, அதே எரிச்சல், அதே பசியின்மை. பஞ்சுல என்ன விஷம்? குடல் விரிஞ்சு நரம்ப அழுத்துறது தான் காரணம். அதனால மலச்சிக்கலுக்கு வைத்தியம் பாருங்க, நார்ச்சத்து, தண்ணி, நடை, தேவைப்பட்டா மருந்து, எல்லாம் சரி. அது தீர்ந்தா நிம்மதி கிடைக்கும், வயசு குறையாது.

இந்த யோசனை நம்மூர்ல மட்டும் இருந்ததில்ல. எலி மெச்னிகாஃப்னு அப்போதைய ரஷ்யப் பேரரசுல (இப்போ உக்ரைன்) பொறந்த விஞ்ஞானி, பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல இருந்தவரு, 1908ல நோபல் வாங்குனவரு, அவரே பெருங்குடல் பாக்டீரியா உண்டாக்குற விஷம் தான் முதுமைக்கு காரணம்னு நம்புனாரு. பல்கேரியா விவசாயிங்க தயிர் சாப்பிட்டு ரொம்ப நாள் வாழுறாங்கன்னு தானும் புளிச்ச பால் குடிச்சுட்டே இருந்தாரு, 1916ல 71 வயசுல இறந்தாரு. லண்டன்ல ஆர்பத்நாட் லேன்னு பெரிய சர்ஜன், மலச்சிக்கல்னு வந்தவங்களுக்கு பெருங்குடலையே வெட்டி எடுத்தாரு. அந்த ஆளுங்களுக்கு இளமை திரும்பல, ஆபரேஷன்ல செத்தவங்க தான் உண்டு.

செல்லோட கதை இன்னும் முக்கியம். அலெக்சிஸ் கேரல்னு இன்னொரு நோபல்காரரு 1912ல கோழிக் கருவோட இதயத்துலருந்து கொஞ்சம் திசுவ எடுத்து கண்ணாடிப் பாத்திரத்துல வளத்தாரு, கழிவு சேர விடாம திரவத்த மாத்திட்டே இருந்தா செல்லுக்கு சாவே இல்லன்னாரு. அவரு இறந்த பிறகும் 1946 வரைக்கும் அத வளத்தாங்க. உலகமே நம்புச்சு. 1961ல லெனார்ட் ஹேஃப்லிக் சுத்தமா திரவம் மாத்தியும் மனுஷ செல்லு ஒரு ஐம்பது தடவ பிரிஞ்சதும் நின்னுடுதுன்னு காட்டுனாரு. கேரலோட பாத்திரத்துல தீனியா ஊத்துன கருச்சாறுலயே புது செல்லுங்க கலந்து போயிருக்கும்னு தான் இப்ப சந்தேகப்படுறாங்க. வெளிய இருக்குற கழிவ அலசி ஊத்துனா மட்டும் முதுமை நிக்காதுங்கிறது அங்கயே முடிஞ்சு போன விஷயம்.

ரகு_கோவை:
மேடம் அருமை. அப்ப கழிவுக்கும் வயசுக்கும் சம்பந்தமே இல்லையா? எங்கம்மாவுக்கு அல்சைமர், மூளைல ஏதோ புரோட்டீன் கழிவு படியுதுன்னு டாக்டர் சொன்னாரு, தூக்கம் கெட்டா அது அதிகமாகும்னும் எங்கயோ படிச்சேன், அதான் கேக்குறேன்.

மீனா_பயாலஜி:
ரகு சார், சம்பந்தம் நிச்சயமா இருக்கு. முகாம்காரங்க காட்டுற இடம் தான் வேற. குடல் சுவத்துல தேடுறாங்க, அது சேர்றது செல்லுக்கு உள்ள.

ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் லைசோசோம்னு சின்ன பைங்க இருக்கு, பழசாகி உடைஞ்ச புரோட்டீன், கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு சக்தி தயாரிக்கிற உறுப்பு) எல்லாத்தையும் அதுல போட்டு என்சைம் வெச்சு கரைச்சு திரும்ப பயன்படுத்திக்கும். கிறிஸ்டியன் டி டூவ் 1950கள்ல கண்டுபிடிச்சது, 1974ல நோபல். செல்லு தன்னையே பிரிச்சு தின்னுக்கிற இந்த வேலைக்கு ஆட்டோஃபேஜின்னு பேர் வெச்சதும் அவரு தான், அதுக்கான ஜீன்கள ஈஸ்ட்ல (ரொட்டி மாவ புளிக்க வெக்கிற நுண்ணுயிர்) தேடிப் பிடிச்ச யோஷினோரி ஓசுமிக்கு 2016ல நோபல். வயசாக ஆக இந்த வேலை மந்தமாகுது. கரைக்க முடியாத மிச்சம் லிப்போஃபுசின்னு ஒரு மஞ்சப்பழுப்பு பொருளா உள்ளயே தங்கிடுது, அடிப்பிடிச்ச பாத்திரத்துல எவ்வளவு தேச்சாலும் போகாம நிக்கிற கருக்கு மாதிரி. தோல் செல்லு, குடல் செல்லு எல்லாம் உதிர்ந்து புதுசாகிடுறதால அங்க பெருசா சேராது. மூளை நரம்பு செல்லும் இதயத் தசை செல்லும் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க அதே செல்லு, அதனால அங்க வருஷா வருஷம் சேருது. அது தான் முதுமைய கொண்டு வருதா, இல்ல முதுமையோட அடையாளம் மட்டுமான்னு இன்னும் முடிவாகல.

ஆனா கரைக்கிற என்சைம் பொறப்புலயே இல்லன்னா என்ன ஆகும்னு தெரியும். டே சாக்ஸ்னு ஒரு நோய், குழந்தைங்க நரம்பு செல்லுல ஒரு கொழுப்பு தேங்கிட்டே போகும், பெரும்பாலும் நாலஞ்சு வயச தாண்டுறதில்ல. இதே வகைல கோஷே மாதிரி சில நோய்க்கு, இல்லாத என்சைம ஊசியா குடுத்து நிறைய பேர காப்பாத்த முடியுது. செல்லுக்குள்ள கழிவு தேங்குனா உயிரே போகும்ங்கிறதுக்கு இத விட சாட்சி வேணாம், இதுக்கு எந்த பேதி மருந்தும் எட்டாது.

அல்சைமர்ல செல்லுக்கு வெளிய அமிலாய்டு பீட்டாவும் உள்ள டாவ்ங்கிற புரோட்டீனும் படியுது. அமிலாய்ட எடுக்குறதுக்குன்னே லெகனெமாப்னு மருந்து வந்து 2023ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிருச்சு. படிவம் நல்லாவே குறையுது, ஆனா 18 மாச சோதனைல நோய் மோசமாகுற வேகம் 27 சதவீதம் தான் குறைஞ்சது, போன ஞாபகம் திரும்பல, சிலருக்கு மூளைல வீக்கமும் ரத்தக் கசிவும் வருது. ஆரம்ப நிலைல இருக்குறவங்களுக்கு மட்டும் தான் அதுவும். கழிவ எடுத்தாலே நோய் போயிடும்னா இது இப்படி ஆகிருக்கக் கூடாது.

தூக்கம் பத்தி கேட்டீங்க. மைக்கேன் நெடர்கார்ட் குழு 2012ல எலி மூளைல கழிவ அலசிட்டு போற நீரோட்டப் பாதைய சொன்னாங்க, அடுத்த வருஷம் தூங்குறப்ப செல்லுக்கு நடுவுல இருக்குற இடைவெளி சுமார் 60 சதவீதம் விரியுது, அலசல் வேகமாகுதுன்னாங்க. 2024ல லண்டன் இம்பீரியல் காலேஜ்காரங்க அதே எலில வேற மாதிரி அளந்து தூக்கத்துல அலசல் குறையுதுன்னு நேர் எதிரா சொல்லிருக்காங்க. சண்டை ஓடிட்டு இருக்கு. அம்மா நல்லா தூங்குறதுக்கு ஏற்பாடு பண்ணுங்க சார், பகல்ல கொஞ்சம் வெயில், சாயங்காலம் காபி இல்லாம, அதுக்கு எந்த ஆராய்ச்சியும் குறுக்க நிக்காது. உங்களுக்கும் தூக்கம் முக்கியம், பாத்துக்குறவங்க தான் முதல்ல சாய்றாங்க.

இயற்கைவழி_பாண்டி:
மேடம் நீங்களே ஆட்டோஃபேஜின்னு சொல்லிட்டீங்க, அது பட்டினி இருந்தா தான கூடும்? அப்ப விரதம் சரி தான? நோபல் பரிசே அதுக்கு தான குடுத்தாங்க?

மீனா_பயாலஜி:
நோபல் விரதத்துக்கு குடுத்தது இல்லண்ணா, ஈஸ்ட்ல ஆட்டோஃபேஜி எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு. பட்டினி போட்டா ஈஸ்ட்லயும் எலிலயும் அது கூடுது, உண்மை. மனுஷனுக்கு எத்தன மணி நேரத்துல எந்த உறுப்புல எவ்வளவு கூடுதுன்னு அளக்க ஆஸ்பத்திரில ஒரு டெஸ்டே கிடையாது, அதனால பதினாறாவது மணில ஆரம்பிக்கும்னு வாட்ஸ்அப்ல வர்ற அட்டவணைய நம்பாதீங்க. எலிக்கு ஒரு நாள் பட்டினிங்கிறதே உடம்பு எடைல பெரிய பங்கு போயிடுற விஷயம், அத நம்ம ஒரு நாளோட ஒப்பிட முடியாது. உங்களுக்கு சுகர் மாத்திரை எதுவும் இல்ல, எடை கூடுதல்னா வாரம் ஒரு நாள் ஒரு வேளை விடுறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல, உடற்பயிற்சியும் அதே வேலைய தூண்டுது. 68 வயசு சுகர்காரருக்கு பத்து நாள்ங்கிறது அப்படி இல்ல, அந்த வயசுல கரையுற சதைய திரும்ப புடிக்கிறது ரொம்ப கஷ்டம்.

முருகு_டயாலிசிஸ்:
டூட்டி முடிஞ்சு வந்தேன். நான் தினமும் பாக்குற கழிவ சொல்றேன், ஏன்னா ரத்தத்துல கழிவு தேங்குனா மனுஷனுக்கு வேகமா வயசாகும்ங்கிறத நான் கண்ணால பாக்குறவன்.

நல்ல கிட்னி ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒன்னு ஒன்றரை லிட்டர் தான் யூரினா வெளிய போகுது, மிச்சத்த திரும்ப எடுத்துக்குது. 24 மணி நேரமும். நாங்க வாரத்துல மூணு தடவ நாலு நாலு மணி நேரம் மிஷின் போடுறோம், அத வெச்சு அதுல சின்ன பங்கு தான் ஈடு கட்ட முடியும். அதனால முப்பத்தஞ்சு வயசு பையனுக்கு எழுபது வயசுக்காரர் ரத்தக்குழாய் மாதிரி சுண்ணாம்பு படிஞ்சு கல்லா இருக்கும், எலும்பு தேயும், தோல் வறண்டு கருக்கும், இதய நோய் பல வருஷம் முன்னாடியே வரும். ரொம்ப வருஷமா டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்னு ஒரு புரோட்டீன் மூட்டுலயும் மணிக்கட்டுலயும் படிஞ்சு கை மரத்துப் போகும், பழைய பேஷண்ட் கைய உதறிட்டே படுத்திருப்பாங்க, ராத்திரி வலில தூங்க மாட்டாங்க.

பாஸ்பரஸ் கதை ஒன்னு இருக்கு, இது எல்லாரும் தெரிஞ்சிக்கணும். 1997ல ஜப்பான்ல மகோட்டோ குரோ-ஓ குழு ஒரு ஜீன் கெட்டுப்போன எலிங்கள பாத்தாங்க, சின்ன வயசுலயே தோல் சுருங்கி, எலும்பு தேஞ்சு, ரத்தக்குழாய் கல்லாகி சீக்கிரம் செத்துச்சு. குளோத்தோன்னு அந்த ஜீனுக்கு பேரு. அது அதிகமா வேலை செய்யுறது கிட்னில, பாஸ்பேட்ட, அதான் சாப்பாட்டுல இருக்குற பாஸ்பரஸ் உப்ப, வெளிய தள்ள அது வேணும். அந்த எலிங்களுக்கு தீனில பாஸ்பேட்ட கொறச்சா முதுமை அறிகுறி தணிஞ்சது. கோலா டிரிங்க், பாக்கெட்ல வர்ற பதப்படுத்துன கறி, பிராசஸ்டு சீஸ் இதுல எல்லாம் பாஸ்பேட் சேர்க்குறாங்க, அது பருப்புல இருக்குறத விட சுலபமா உடம்புல ஏறுது. கிட்னி வீக்கானவங்க முதல்ல விட வேண்டியது அது.

மீனா மேடம் ஒன்னு விட்டுட்டீங்க. மெச்னிகாஃப் சொன்னது முழுசா பொய்யில்ல. பெருங்குடல் பாக்டீரியா நாம சாப்பிடுற புரோட்டீன்லருந்து இண்டோல், கிரெசால் மாதிரி பொருள் தயாரிக்குது, கல்லீரல் அத இண்டாக்சில் சல்ஃபேட், பாரா கிரெசில் சல்ஃபேட்டா மாத்துது, கிட்னி வெளிய தள்ளுது. கிட்னி போனா அது ரத்தத்துல ஏறுது, ஆல்புமின்ங்கிற ரத்தப் புரோட்டீன கெட்டியா புடிச்சிக்கிறதால மிஷின்ல கூட சரியா வெளிய வராது, ரத்தக்குழாய கெடுக்குதுன்னு நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டர்ங்க சொல்றாங்க. ஆக குடல்லருந்து விஷம் வருது, அது வெளிய போற வழி கிட்னி. கழிவ பத்தி உண்மையா கவலைப்படுறவங்க காப்பாத்த வேண்டியது எந்த உறுப்புன்னு இப்ப புரியும்.

பாண்டி அண்ணன், மூலிகைலயும் பாத்து நடங்க. ஆடுதீண்டாப்பாளை தெரியும்ல, பூச்சிக்கு குடுப்பாங்க. அதுல அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கு. 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல பிரசல்ஸ் பக்கம் உடம்பு இளைக்க சீன மூலிகைன்னு குடுத்ததுல இந்த குடும்பத்து செடி கலந்து போய் நூறு பெண்களுக்கு மேல கிட்னி கெட்டுச்சு, நிறைய பேருக்கு அப்புறம் சிறுநீர் பாதைல கேன்சரும் வந்துச்சு. படிச்ச சித்த மருத்துவர் சீட்டு எழுதி குடுக்குறது வேற, முகாம்ல பேர் இல்லாத பொட்டலம் குடுக்குறது வேற.

இயற்கைவழி_பாண்டி:
ஆடுதீண்டாப்பாளை விஷயம் எனக்கு புதுசு, எங்க வட்டத்துல சொல்றேன். பொட்டலத்துல என்ன இருக்குன்னு எழுதாம குடுக்குறத நானும் ஆதரிக்கல. ஆனா ஒன்னு சொல்றேன், இந்த முகாமுக்கு ஜனங்க ஏன் போறாங்க? அங்க உக்கார வெச்சு அரைமணி நேரம் பேசுறாங்க, என்ன சாப்பிடுறீங்க எப்படி தூங்குறீங்கன்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரில ரெண்டு நிமிஷம் தான். அதயும் யோசிங்க.

மீனா_பயாலஜி:
அது நூறு சதவீதம் நியாயம் அண்ணா.

வவுனியா_தம்பி:
எங்கட பக்கத்து ஆக்களுக்கும் இது பெரிய பிரச்சினை. இலங்கையில அனுராதபுரம் பக்கம் 90களிலயே கமக்காரருக்கு (விவசாயிகளுக்கு) சுகரும் இல்லாம பிரஷரும் இல்லாம சிறுநீரகம் பழுதாகிறது தெரிய வந்தது, வவுனியாவிலயும் இருக்கு. காரணம் இன்னும் முடிவா தெரியேல்ல, தண்ணி, விவசாய மருந்து, வெயிலுக்கை நீர் குடிக்காம வேலை செய்யிறது எண்டு கனக்க சொல்லுகினம். வயலுக்கை நிக்கிற ஆக்கள் தண்ணிப் போத்தல் இல்லாம போகாதேங்கோ, நோ (வலி) மாத்திரையை கண்டபடி போடாதேங்கோ, அதுவும் சிறுநீரகத்துக்கு கூடாது.

கரூர்_செல்வி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாமாவ உக்கார வெச்சு முழுசா படிச்சு காமிச்சேன், கொலனாஸ்கோப்பி வீடியோவ ரெண்டு தடவ பாத்தாரு. ஜூஸ் முகாம் வேணாம்னு அவரே சொல்லிட்டாருங்க. பழைய ரிப்போர்ட் தேடி எடுத்தேன், கிரியாட்டினின் 1.5னு இருக்கு, பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டிருக்கு, யாரும் ஒன்னும் சொல்லல. லேசா தான ஏறியிருக்கு, பயப்பட வேண்டியதில்லையாங்க? அப்புறம் சுகர் தானா கழிவா படியும்னு எங்கயோ கேட்டேன், அது எப்படி?

மீனா_பயாலஜி:
சுகர் கேள்விக்கு நான் சொல்றேன் அக்கா. ரத்தத்துல சர்க்கரை கூடுதலா சுத்துனா அது புரோட்டீன்ல தானா ஒட்டிக்கும். எச்பிஏ1சி டெஸ்ட் அளக்குறதே அத தான், ஹீமோகுளோபின்ல எத்தன சதவீதம் ஒட்டிருக்குன்னு. சிவப்பணு சுமார் 120 நாள் தான் வாழும், அதனால மூணு மாசக் கணக்கு காட்டும், பழசு போய் புதுசு வந்துடும். ஆனா கண் லென்ஸ் புரோட்டீன், ரத்தக்குழாயிலயும் தோல்லயும் இருக்குற கொலாஜன் இதெல்லாம் வருஷக்கணக்கா மாறாது, அங்க ஒட்டுனது ஒட்டுனபடியே இறுகி குறுக்கு பின்னல் போட்டுடும். கண்புரை சீக்கிரம் வர்றது, குழாய் விறைக்கிறது, கிட்னி வடிகட்டி கெடுறது எல்லாத்துலயும் இதுக்கு பங்கு இருக்கு. ஒட்டுனத பிரிக்க இப்போதைக்கு நல்ல மருந்து இல்ல, புதுசா ஒட்டாம பாத்துக்கலாம். மாமா நிறுத்த இருந்த அந்த மாத்திரை தான் அந்த வேலைய செய்யுது, அத அவருக்கு கண்டிப்பா சொல்லுங்க.

முருகு_டயாலிசிஸ்:
அக்கா 1.5 லேசு இல்ல. கிரியாட்டினின் ஏறுறதுக்குள்ளயே கிட்னி வேலைல கிட்டத்தட்ட பாதி போயிருக்கும், நம்பர் மட்டும் பாத்தா ஏமாந்துருவோம். வயசு, ஆணா பெண்ணான்னு போட்டு இ-ஜிஎஃப்ஆர், அதான் கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற அளவ, கணக்கு பண்ணணும். அதே 1.5 ஒரு 25 வயசு பையனுக்குன்னா 66 வரும், மாமாவுக்கு 50 கிட்ட வருது, அதே வயசு அம்மாவுக்குன்னா 38. அறுபதுக்கு கீழ மூணு மாசத்துக்கு மேல நின்னா நாள்பட்ட கிட்னி பாதிப்புன்னு தான் அர்த்தம். பயந்துக்காதீங்க, இந்த கட்டத்துல புடிச்சா பல வருஷம் தள்ளிப் போடலாம், சிலருக்கு டயாலிசிஸே தேவைப்படாம போகும். பிரஷர், சுகர் கட்டுப்பாடு, உப்பு கொறைக்கிறது, கிட்னிய காக்குற மாத்திரைங்க இப்ப நல்லதாவே இருக்கு, டாக்டர் எழுதுவாரு.

ரத்தத்துல கிரியாட்டினின் திரும்ப பாருங்க, கூடவே யூரின்ல ஏசிஆர்னு ஒரு டெஸ்ட் கேளுங்க, ஆல்புமின் கசியுதான்னு பாக்குறது, 30க்கு மேல வந்தா கசியுதுன்னு அர்த்தம், கிரியாட்டினின் ஏறுறதுக்கு முன்னாடியே இது காட்டிக் குடுத்துரும். காலைல எந்திரிச்சதும் வர்ற முதல் யூரின் குடுங்க. காய்ச்சலோ யூரின் இன்ஃபெக்‌ஷனோ இருந்தா அன்னைக்கு வேணாம், தப்பா கூட்டி காட்டும். முழங்கால் வலிக்குன்னு டைக்குளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை ஏதாச்சும் போடுறாரான்னு கேட்டு பாருங்க, போட்டா அதயும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிருங்க. ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க, பாக்குறேன்.